ஒளிந்து நின்றால் உரிமை நிலைக்குமா?

சட்டம் மன்றத்தில் பிறக்கிறது. மக்கள் மனத்தில்தான் வளர்கிறது. பிறந்த சட்டத்தை மக்கள் மனம் தன் மடியில் ஏந்திக்கொள்ளாவிடின், அது தாயற்ற குழந்தைபோல் தெருவில் நிற்க நேரும். வலியவர் எவரும் வந்து அதனைத் தூக்கிச் செல்லலாம். தடுப்பார் இரார்.

இந்த உண்மையை நம் காலத்தில் மிகத் தெளிவாக உணர்த்திய வரலாறு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தன்பாலினத் திருமண உரிமையைக் காக்க நடந்த போராட்டத்தின் வரலாறாகும். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி மணம் புரிந்து குடும்பமாக வாழும் உரிமை அது. வயது வந்த இருவர், ஒருவர் நோயுற்றால் மற்றவர் அருகிருக்கவும், ஒருவர் மறைந்தால் மற்றவர் தெருவில் நிற்காதிருக்கவும் கேட்கும் உரிமை. அது பிறர் உண்ணும் சோற்றைப் பறிப்பதன்று. பிறர் திருமணத்தைக் குலைப்பதுமன்று. எனினும் அவ்வுரிமை தரப்பட்டது; பின்னர்ப் பறிக்கப்பட்டது; மீண்டும் பெறப்பட்டது. ஏன் பறிபோயிற்று? எப்படி மீண்டது? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. உரிமைக்காகப் பேச வந்தவர்கள் ஒளிந்து நின்றபோது அது பறிபோயிற்று. முகம் காட்டிக் கதவைத் தட்டியபோது மீண்டது.

பறிகொடுத்த இரவு

2008ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் கலிபோர்னிய மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், தன்பாலின இணையருக்குத் திருமண உரிமையை மறுப்பது மாநில அரசமைப்புக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே மணங்கள் தொடங்கின. ஏறத்தாழ 18,000 இணையர் சில மாதங்களுக்குள் மணம் செய்துகொண்டனர். அந்த மகிழ்ச்சி அரையாண்டும் நிலைக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருமணம் மட்டுமே கலிபோர்னியாவில் செல்லும் என்னும் பொருள்பட, 14 ஆங்கிலச் சொற்களால் ஆன ஓர் அரசமைப்புத் திருத்தம் மக்கள் வாக்குக்கு விடப்பட்டது. அதுவே எட்டாம் முன்மொழிவு. நவம்பர் 4ஆம் நாள் அது 52 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றது. வேறுபாடு ஏறத்தாழ 6 இலட்சம் வாக்குகள்.

அன்றிரவு நடந்த மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே நாளில், அதே வாக்குச்சாவடிகளில், அதே மக்கள் பராக் ஒபாமாவுக்கு ஏறத்தாழ 61 விழுக்காட்டு வாக்குகளை அள்ளித் தந்தனர். ஒரு கறுப்பின மனிதரை நாட்டின் தலைமைக்கு உயர்த்தத் தயங்காத மக்கள், தம் அண்டை வீட்டார் பெற்ற உரிமையைப் பறிக்கவும் தயங்கவில்லை. இவர்களைக் கொடியவர் என்று தூற்றிவிட்டுப் போவது எளிது. இவர்களிடம் யார் சென்று என்ன பேசினார்கள் என்று கேட்பதே அறிவுடைமை.

பணம் இல்லாமையால் தோற்றோம் என்று உரிமைத் தரப்பினர் சொல்ல முடியாது. இரு தரப்பும் சேர்ந்து 80 மில்லியன் டாலருக்கு மேல் செலவிட்டன. அதில் உரிமைத் தரப்பின் பங்கு எதிர்த்தரப்பின் பங்குக்குச் சளைத்ததன்று. அப்பணம் எங்கே சென்றது? தொலைக்காட்சி விளம்பரங்களுக்குச் சென்றது. அவ்விளம்பரங்களில் யார் தோன்றினர்? செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் தோன்றினார். மாநிலக் கல்வித் தலைவர் தோன்றினார். அநீதி என்னும் சொல் தோன்றியது. வேற்றுமை பாராட்டுதல் என்னும் சொல் தோன்றியது. யாருடைய திருமணம் பறிபோக இருந்ததோ, அவர்கள் மட்டும் பெரும்பாலும் தோன்றவேயில்லை! மணமக்களைக் கண்டால் வாக்காளர் முகம் சுளிப்பர் என்று வல்லுநர்கள் அஞ்சினர். ஆகவே மணமக்கள் இல்லாமலேயே ஒரு திருமண வழக்கை மக்கள் மன்றத்தில் நடத்தினர். மணமக்களை அறையில் பூட்டி வைத்துவிட்டுப் பந்தலில் மொய் கேட்ட கதை இது.

எதிர்த்தரப்பினரோ அந்தப் பிழையைச் செய்யவில்லை. அவர்களிடமும் தொலைக்காட்சி விளம்பரங்கள் இருந்தன. அவற்றோடு, பெரும்பாலும் வழிபாட்டு மன்றங்களின் வழியாகத் திரண்ட பல்லாயிரம் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று பேசினர். அவர்கள் கொண்ட கொள்கை தவறாக இருக்கலாம். கொண்ட முறை தவறன்று. கதவைத் தட்டியவனுக்கே கதவு திறக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கதவு தட்டும் கடமையை உரிமைத் தரப்பினர் தொலைக்காட்சிப் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டு அமர்ந்திருந்தனர்.

பள்ளிக்கூடம் என்னும் அச்சம்

ஆசிரியர்களும் மாணவர்களும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று இப்போராட்டத்தில் உண்டு. எதிர்த்தரப்பின் மிக வலிய அம்பு பள்ளிக்கூடத்திலிருந்தே எய்யப்பட்டது. சிறுமி ஒருத்தி பள்ளியிலிருந்து வீடு திரும்புகிறாள். கையில் ஒரு கதைப்புத்தகம். ஓர் இளவரசன் மற்றோர் இளவரசனை மணந்த கதையை இன்று படித்தேன் என்று தாயிடம் மகிழ்ச்சியோடு சொல்கிறாள். தானும் ஓர் இளவரசியை மணக்கலாமாம் என்கிறாள். தாய் திகைக்கிறாள். இவ்வளவே விளம்பரம். இதில் சட்டவாதம் இல்லை, சமயவாதம் இல்லை. தாயின் திகைப்பு மட்டுமே இருந்தது. அந்தத் திகைப்பு ஆயிரமாயிரம் வீடுகளுக்குள் நுழைந்தது.

முன்மொழிவின் வாசகத்தில் பள்ளி என்ற சொல்லே இல்லை. ஆகவே இதற்கும் பள்ளிக்கும் தொடர்பில்லை என்று உரிமைத் தரப்பு விடை சொல்லிற்று. நேரிய விடை பல நாட்கள் கழித்தே வந்தது. வந்த விடையும் உண்மையானதே; ஆனால் உயிரற்றது. ஒரு தாய் அஞ்சுகிறாள். அவளிடம் சட்டப் புத்தகத்தைத் திறந்து, இந்தப் பக்கத்தில் உன் அச்சத்துக்கு இடமில்லை என்று காட்டினால் அச்சம் தீருமா? நோயாளி வலிக்கிறது என்கிறான். மருத்துவர் நாடியைப் பார்க்காமல், இந்நோய் உனக்கு வர நியாயமில்லை என்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். வலி போகவில்லையே!

அந்தத் தாயிடம் பேசத் தக்கவர் யார்? மற்றொரு தாய். தன் மகனோ மகளோ தன்பாலின ஈர்ப்பு உடையவர் என அறிந்த நாளில் தானும் திகைத்த தாய். அல்லது வகுப்பறையில் பலவகைக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளை அன்றாடம் காணும் ஆசிரியர். நல்லது எது, தீயது எது என்னும் அடிப்படை வீட்டில்தான் இடப்படுகிறது. பள்ளி ஒரு பிள்ளையையும் மற்றொரு பிள்ளையின் குடும்பத்தை இகழாதிருக்கவே கற்பிக்கிறது என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். கலிபோர்னியாவில் பிந்திக் கற்றுக்கொண்ட இப்பாடம் வேறிடங்களில் பின்னர்ப் பயன்பட்டது. கலிபோர்னியாவிலோ, எதிர்த்தரப்பின் பக்கம் சாய்ந்தவர்களுள் சிறு பிள்ளைகளை உடைய பெற்றோர் மிகுதி என்பதைத் தோல்விக்குப் பின் செய்த ஆய்வு காட்டியது.

மூதாட்டியும் புல்வெளியும்

கலிபோர்னியப் பரப்புரையாளர்கள் அறியாமையால் தவறினர் என்று அவர்களுக்காக வாதாட வருவோர் உண்டு. அவ்வாதம் நிற்காது. ஏனெனில், பாடம் அதற்கு ஓராண்டு முன்பே மசாசூசெட்ஸ் மாநிலத்தில் எழுதப்பட்டுவிட்டது.

அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2003ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் உரிமைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2004ஆம் ஆண்டு மே 17 முதல் மணங்கள் நடந்தன. அவ்வுரிமையை நீக்கும் அரசமைப்புத் திருத்தம் ஒன்றை எதிர்ப்பாளர்கள் கொண்டுவந்தனர். அங்குள்ள முறை கலிபோர்னியாவைப் போன்றதன்று. மக்கள் கையொப்பமிட்டுக் கொண்டுவரும் திருத்தம், சட்டமன்ற உறுப்பினர் 200 பேருள் 50 பேரின் ஆதரவை அடுத்தடுத்த இரு மன்றங்களில் பெற்றால்தான் மக்கள் வாக்குக்குப் போகும். 2007ஆம் ஆண்டு சனவரியில் 62 பேர் அதை ஆதரித்தனர். இன்னும் ஒருமுறை 50 பேர் கைதூக்கினால் போதும். தடை வாக்குச்சீட்டுக்கு வந்துவிடும்.

சனவரிக்கும் சூனுக்கும் இடையில் மணமான இணையர்கள் தத்தம் தொகுதி உறுப்பினரைத் தேடிச் சென்றனர். பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். பெற்றோரையும் அண்டை வீட்டாரையும் அழைத்துச் சென்றனர். பலர் உறுப்பினரைத் தம் வீட்டுக்கே அழைத்தனர். சூன் 14ஆம் நாள் மன்றம் கூடியபோது திருத்தத்தை ஆதரித்தோர் 45 பேர். எதிர்த்தோர் 151 பேர். ஐந்து வாக்குகள் குறைந்தன, திருத்தம் வீழ்ந்தது.

மனம் மாறியவர்களுள் கேல் கேண்டராஸ் என்னும் மேலவை உறுப்பினரும் ஒருவர். அவர் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி ஒன்று அன்று செய்தியாயிற்று. அவர் தொகுதியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் முன்னர்த் தடைத் திருத்தத்தை ஆதரிக்குமாறு அவரைக் கேட்டிருந்தார். பின்னர் அம்மூதாட்டியின் பக்கத்து வீட்டில் தன்பாலின இணையர் குடிவந்தனர். அவர்கள் தம் பிள்ளைகளோடு வாழ்ந்த வாழ்க்கையை மூதாட்டி கண்டார். தம் வீட்டுப் புல்வெளியைப் பராமரிக்க அவர்கள் உதவியதையும் கண்டார். இங்கே மணவுரிமை இல்லையெனில் அவர்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார்களே, பிறகு எனக்கு யார் துணை என்னும் கவலை அவருக்கு வந்துவிட்டது. முன்பு கேட்டதை மாற்றிக்கொள்ளுமாறு உறுப்பினரை வேண்டினார்.

எந்த அறிஞரின் சொற்பொழிவு அந்த மூதாட்டியை மாற்றியது? எந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வுரை மாற்றியது? புல் வெட்டித் தந்த கைகள் மாற்றின. வேலிக்கு அப்பாலிருந்து நலம் கேட்ட குரல் மாற்றியது. கொள்கை என்னும் பெயரால் வெறுத்த ஒன்றை, அண்டை வீட்டார் என்னும் உறவால் அவர் ஏற்றுக்கொண்டார். இதனைக் கண்ட பின்னும் கலிபோர்னியாவில் இணையரை மறைத்து வைத்தார்களே, அதனை என்னென்பது!

தோற்ற மண்ணிலே மீண்டும்

அடுத்து மேய்ன் மாநிலம். அங்கே சட்டமன்றமே திருமண உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2009ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஆளுநர் ஜான் பால்டாச்சி அதில் ஒப்பமிட்டார். அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே எதிர்ப்பாளர் அதனை வாக்குக்கு இழுத்தனர். கலிபோர்னியாவில் வென்ற விளம்பர நிறுவனமே இங்கும் வந்தது. அதே பள்ளிக்கூட அச்சத்தையே கொண்டுவந்தது. நவம்பர் 3ஆம் நாள் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் சட்டத்தை நீக்க வாக்களித்தனர்.

இரண்டு தோல்விகள். அவற்றின் பின் பலர் சோர்ந்தனர். மக்கள் மனம் மாறும்வரை காத்திருப்போம் என்றனர். மேய்ன் மாநிலத் தொண்டர்கள் காத்திருக்கவில்லை. வாக்கெடுப்பு எதுவும் அறிவிக்கப்படாத காலத்திலேயே அவர்கள் வீடு வீடாகச் செல்லத் தொடங்கினர். தேர்தல் காய்ச்சல் இல்லாத நாட்களில் கதவைத் தட்டினர். தமக்கு எதிராக வாக்களித்தவர்களின் கதவையே தட்டினர். 

அப்போது அவர்கள் கொண்டுசென்ற சொல்லும் மாறியிருந்தது. திருமண உரிமை இயக்கங்கள் செய்த ஆய்வில் வியப்பான ஒன்று தெரிய வந்திருந்தது. நீங்கள் ஏன் திருமணம் செய்துகொண்டீர்கள் என்று பொதுமக்களைக் கேட்டால், அன்புக்காக, வாழ்நாள் முழுதும் துணையாக இருப்பதற்காக என்றனர். தன்பாலின இணையர் ஏன் திருமணத்தை நாடுகிறார்கள் என்று அதே மக்களைக் கேட்டால், உரிமைக்காக, சலுகைக்காக என்றனர். தெரியாது என்றோரும் பலர். இந்த எண்ணத்தை அவர்களுக்கு ஊட்டியவர் யார்? உரிமைத் தரப்பினரே! வரிச்சலுகை, மருத்துவமனை அனுமதி, மரபுரிமை, காப்புறுதி என்று ஆண்டுக்கணக்கில் பட்டியல் வாசித்தவர்கள் அவர்களே. அப்பட்டியல் பொய்யன்று. ஆனால் எந்த மணமகனாவது வரிச்சலுகையை எண்ணிக்கொண்டு மணமேடை ஏறுகிறானா? தம் மனத்தை மக்களிடம் மறைத்தனர்; மக்கள் அவர்களுக்கு மனமே இல்லை என்று முடிவு செய்தனர்.

ஆகவே மேய்ன் மாநிலத்தில் பட்டியல் பின்னே சென்றது. வாழ்க்கை முன்னே வந்தது. தொலைக்காட்சியிலும் குடும்பங்கள் முகம் காட்டின. தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள்வரை ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, தம் வீட்டுப் பெண்ணைப் பற்றியும் அவள் துணைவியைப் பற்றியும் பேசிய விளம்பரம் ஒன்று மாநிலமெங்கும் காட்டப்பட்டது. மீண்டும் ஒரு வாக்கெடுப்புக் கோரி 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் திரட்டப்பட்டன. எதிரிகள் இழுத்து வந்த வாக்கெடுப்புகளையே கண்டு அஞ்சிய இயக்கம், இம்முறை தானே மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தது. 2012ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் வென்றது. அன்றே மேரிலாந்தும் வாஷிங்டன் மாநிலமும் உரிமைக்கு ஆம் என்றன; மினசோட்டா, தடைத் திருத்தத்தைத் தோற்கடித்தது. அதுவரை 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் மக்கள் வாக்கு இவ்வுரிமைக்கு எதிராகவே சென்றிருந்தது என்பதை எண்ணினால்தான் அந்நாளின் அருமை விளங்கும்.

அவ்வெற்றி முழுவதும் கதவு தட்டியதால் மட்டுமே வந்தது என்று சொல்வது மிகை. நாட்டின் மனமும் அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. 2012ஆம் ஆண்டு மே மாதம் அதிபர் ஒபாமாவே தம் ஆதரவை அறிவித்தார். ஆயினும், நாட்டின் மனம் என்பது வானத்திலிருந்து பெய்யும் மழையன்று. ஒரு வீட்டில் ஒரு பேச்சு, மறு வீட்டில் மறு பேச்சு என்று துளித்துளியாகச் சேர்ந்ததே அது.

பொய்யான ஆய்வும் மெய்யான ஆய்வும்

கலிபோர்னியாவிலும் தோல்வி வீணாகவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் டேவிட் ஃபிளைஷர் என்பவர் வழிகாட்ட, தொண்டர்கள் 2009 முதல் தாம் தோற்ற வட்டாரங்களுக்கே சென்றனர். எங்களுக்கு எதிராக ஏன் வாக்களித்தீர்கள் என்று சினமின்றிக் கேட்டனர். வீட்டாரைப் பேசவிட்டனர். அவர்தம் திருமணத்தைப் பற்றி, அதன் இன்ப துன்பங்களைப் பற்றிக் கேட்டனர். தன்பாலின ஈர்ப்புடையோர் எவரையாவது அறிவீர்களா என்றனர். பின்னரே தம் கதையைச் சொன்னார்கள். வாதிட்டு வெல்வது அவர்கள் நோக்கமன்று. கேட்டவர் தாமே எண்ணிப் பார்க்க வைப்பதே நோக்கம்.

இம்முறை பயன் தருகிறதா என்று அளந்ததாகக் கூறி, 2014ஆம் ஆண்டு இறுதியில் ஓர் ஆய்வுக் கட்டுரை புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. உலகமே வியந்தது. ஆனால் அதன் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்பதை டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்னும் இளம் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2015ஆம் ஆண்டு மே மாதம் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கதவு தட்டுவதை ஏளனம் செய்தவர்களுக்கு அது கொண்டாட்டமாயிற்று.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. பொய்யைக் கண்டுபிடித்த அவ்விருவரே மெய்யான ஆய்வு ஒன்றை மயாமி நகரில் செய்தனர். 56 தொண்டர்கள், 501 வாக்காளர்கள். பேசுபொருள் திருமணமன்று, திருநர் மீதான வெறுப்பு. ஏறத்தாழ 10 நிமிட உரையாடல் அவ்வெறுப்பைக் குறைத்தது என்றும், அம்மாற்றம் மூன்று மாதங்களேனும் நிலைத்தது என்றும் 2016ஆம் ஆண்டு அதே இதழில் வெளியிட்டனர். நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய்யும் அந்நோக்கத்துக்கு இழுக்கே தேடித் தந்தது. ஐயத்தோடு தேடிய மெய் அதனைக் காத்தது. மாணவர்கள் மறக்கக் கூடாத செய்தி இது.

விளம்பரம் இல்லாத நாட்டில்

பரப்புரை என்றால் விளம்பரமே என்று எண்ணுவோர்க்கு அயர்லாந்து விடையளிக்கிறது. அந்நாட்டில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே 2015ஆம் ஆண்டு வாக்கெடுப்பு வந்தபோது, உரிமைத் தரப்புக்குத் தெருவும் வாசற்படியுமே துணை. ஆம் என்று வாக்களிக்கிறேன், ஏன் என்று கேளுங்கள் என்னும் சின்னத்தைச் சட்டையில் அணிந்து தொண்டர்கள் நடந்தனர். அச்சின்னத்தின் நுட்பம் காண்க. அது கட்டளையிடவில்லை, மிரட்டவில்லை. கேள்வி கேட்கும் உரிமையை எதிரில் வருபவர்க்குக் கொடுத்தது. கல்லூரி மாணவர்கள் தம் பாட்டிமாருக்குத் தொலைபேசியில் அழைத்து ஆதரவு கேட்டனர். அயல்நாடுகளில் பணிபுரிந்தோர் பலர் வாக்களிப்பதற்கென்றே தாயகம் திரும்பினர்.

மே 22ஆம் நாள் 62 விழுக்காட்டினர் ஆம் என்றனர். 43 தொகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் இல்லை என்றது. தன்பாலின உறவைக் குற்றம் என்று சொன்ன சட்டத்தை 1993ஆம் ஆண்டு வரை வைத்திருந்த நாடு அது என்பதை நினைவிற்கொள்க. அவ்வுரிமை இன்று அந்நாட்டின் அரசமைப்பிலேயே நிற்கிறது. மக்களே நட்ட மரம் அது. மக்களே வெட்டினாலன்றி வீழாது.

மூன்று மறுப்புகள்

இவ்வளவும் கேட்ட பின்னும் மறுப்போர் உண்டு. சிறுபான்மையோர் உரிமையைப் பெரும்பான்மையோர் வாக்குக்கு விடுவதே தவறு என்பது முதல் மறுப்பு. கொள்கையளவில் அது சரி. ஆயினும், புயல் வருவது தவறு என்று சொல்லிக்கொண்டே கூரையைக் கட்டாமல் இருப்பவனை எவரும் அறிவாளி என்னார். நீதிமன்றத்தில் வழக்காடுக, அதே வேளையில் வாசற்படியிலும் வழக்காடுக. ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

காலம் தானே மாற்றும் என்பது இரண்டாம் மறுப்பு. காலம் எதையும் மாற்றுவதில்லை. காலத்தில் மனிதர் செய்யும் செயலே மாற்றுகிறது. மேய்ன் மாநிலம் தோற்றதற்கும் வென்றதற்கும் இடையில் இருந்தவை மூன்றே ஆண்டுகள். காலத்தின் கையில் மட்டும் விட்டிருந்தால் மூன்று ஆண்டுகளில் அது என்ன செய்திருக்கும்?

மூன்றாம் மறுப்பு கனமானது. தமக்குரிய உரிமைக்காக ஒருவர் அண்டை வீட்டாரின் வாசலில் நின்று தம் அந்தரங்க வாழ்வை எடுத்துரைக்க வேண்டுமா? அது தன்மானத்துக்கு இழுக்கன்றோ? இவ்வினாவைத் தட்டிக்கழிக்க முடியாது. வெறுப்பைச் சுமப்பவரே அவ்வெறுப்பைத் தீர்க்கும் சுமையையும் சுமக்க வேண்டும் என்பது கொடுமைதான். ஆனால் இதற்கு விடை கதவுகளை விட்டு ஓடுவதன்று. கதவு தட்டும் கைகளைப் பெருக்குவதே. மயாமி ஆய்வில், திருநர் அல்லாத தொண்டர்கள் பேசியபோதும் பயன் விளைந்தது. பாதிக்கப்பட்டவர் மட்டுமே பேச வேண்டும் என்னும் விதி ஏதுமில்லை. தாய் பேசலாம், அண்ணன் பேசலாம், ஆசிரியர் பேசலாம். 2009ஆம் ஆண்டு மேய்ன் மாநிலச் சட்டமன்ற விசாரணையில், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய 86 வயது முதியவர் ஒருவர் தம் மகனுக்காக எழுந்து பேசினார். மகன்கள் அனைவர்க்கும் ஒரே உரிமை வேண்டும் என்று கேட்டார். அத்தகைய தந்தையர் ஊருக்குப் பத்துப் பேர் எழுந்தால், பிள்ளைகள் வாசல்தோறும் நிற்க வேண்டிய தேவை குறையும்.

முடியாத பணி

கலிபோர்னியாவின் தடை நீதிமன்றத்தில் வீழ்ந்து, 2013ஆம் ஆண்டு அங்கே மணங்கள் மீண்டும் தொடங்கின. 2015ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில் நாடு முழுமைக்கும் அவ்வுரிமையை வழங்கிற்று. உடனே பலர் கொடியை மடித்துவைத்தனர். பணி முடிந்தது என்றனர். முடியவில்லை என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. கருக்கலைப்பு உரிமை பற்றிய ஏறத்தாழ அரை நூற்றாண்டுத் தீர்ப்பை அதே நீதிமன்றம் அவ்வாண்டு நீக்கியது. திருமண உரிமைத் தீர்ப்பையும் மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று நீதிபதி ஒருவர் தனியே எழுதினார். அவ்வாண்டு இறுதியில் நாடாளுமன்றம் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதுவும் முழுக் கவசமன்று. வேறிடத்தில் முறையாக நடந்த மணத்தை ஒவ்வொரு மாநிலமும் ஏற்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு மாநிலமும் மணம் செய்துவைக்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பரில் அத்தீர்ப்பை நீக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது என்பது ஆறுதல். ஆனால் கருத்துக் கணிப்புகள் எச்சரிக்கின்றன. கேலப் நிறுவனக் கணிப்பில், குடியரசுக் கட்சி ஆதரவாளரிடையே இவ்வுரிமைக்கான ஆதரவு 2021ஆம் ஆண்டு 55 விழுக்காடாக இருந்தது. 2025ஆம் ஆண்டு 41 விழுக்காடாகச் சரிந்தது. பேச்சை நிறுத்திய இடத்தில் வெறுப்புப் பேசத் தொடங்கிவிட்டது.

எனினும் கலிபோர்னியா தன் கறையைத் தானே கழுவிக்கொண்டது. 2008இல் உரிமையைப் பறித்த வாசகம், செல்லாக் காசாகி அரசமைப்பிலே கிடந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் அதே மாநில மக்கள் 62 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்து அதை நீக்கினர். நீதிமன்றம் அடித்து வீழ்த்திய சொற்களை மக்கள் தம் கையாலேயே அழித்தனர். அதுவே உண்மையான பாதுகாப்பு.

தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இவ்வரலாற்றில் சொல்லைப் பற்றிய பாடம் ஒன்று உண்டு. சொல்வன்மை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். மேடையில் முழங்குவதே சொல்வன்மை என்று நாளடைவில் பலரும் எண்ணத் தலைப்பட்டனர். கேட்பவர் உள்ளத்தை அறிந்து, அவர் அச்சத்தை மதித்து, தன் வாழ்வை மறைக்காமல், ஒரு வாசற்படியில் நின்று பத்து நிமிடம் பேசும் பேச்சும் சொல்வன்மையே. முழக்கம் ஆயிரம் பேர் காதில் விழும். அந்தப் பேச்சு ஒருவர் நெஞ்சில் விழும். சட்டங்களை எழுதும் கை எதுவாயினும், அவற்றைக் காக்கும் காவலர் அந்த ஒருவரே. அவர் வீட்டுக் கதவு இன்றும் மூடியே இருக்கிறது. தட்டுவோர்க்காகக் காத்திருக்கிறது.